மனிதர் சுழியம், காட்டுக்கோழி ஒன்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பூத்தது இல்லை. பள்ளிக்கூட விடுமுறையில் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. பலாப்பால் மாதிரி, எத்தனை கழுவியும் போகவில்லை.

ஏதோ ஓர் ஆற்றில் ஏதோ ஓர் அணை. காசு வெளிநாட்டு வங்கி ஒன்றினுடையது. அப்படிக் காசு வந்தால் கூடவே ஒரு தடிப்புத்தகமும் எழுத வேண்டுமாம்: அணை எழும்பினால் மரத்துக்கு என்ன ஆகும், மீனுக்கு என்ன ஆகும், மனிதருக்கு என்ன ஆகும் என்று. சுற்றுச்சூழல், சமூகத் தாக்க அறிக்கை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதன் சுருக்கம் உள்ளூர் மக்களுக்குப் புரிய வேண்டும், தமிழில் வேண்டும், அதற்குக் கறம்பக்குடிப் பக்கம் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு டீச்சர் வேண்டும். நான் மாட்டினேன்.

அதில் ஒரு வரி. ‘பாதிக்கப்படும் குடும்பங்கள்: சுழியம். ஆதாரம்: நேரில் கண்டது, உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் ஒப்பமிட்ட வாக்குமூலம்.’ சமர்த்தாகத் தமிழாக்கி, முற்றுப்புள்ளி வைத்து, அனுப்பியும்விட்டேன். மூன்றாம் நாள் உலையில் அரிசி போடும்போதுதான் உறைத்தது. அடிப் பாவி! யாருமே இல்லாத ஊரில், யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டது யார்?

உண்மை அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் சுத்தப் பொய். கூழையாறு என்று ஒன்று வரும். வரைபடத்தில் தேடாதீர்கள், நீல பால்பாயிண்ட் பேனாவால் நானே வெட்டியது. எந்த அனுமதியும் வாங்கவில்லை. நொச்சிக்கொல்லை என்று ஓர் ஊர் வரும். அதையும் நான்தான் குடியேற்றினேன், நாற்பத்தோரு வீடு. என் பெயர் ஸ்வீட்டி. ஆம், இந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இலக்கியம் எழுதுகிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: ‘கூழையாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிய அந்த’

அடித்துவிட்டேன். வருடத்துக்குப் பதினோரு நாள் தண்ணீர் போகிற ஆறு அது. மற்ற நாளெல்லாம் அதில் கிரிக்கெட்.

தொடக்கம் இரண்டு: ‘தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணோடு மண்ணாக’

சீச்சீ. எழுதும்போதே கொட்டாவி வருகிறது.

தொடக்கம் மூன்று: ‘அணைத் திட்டப் பொறியாளர் ஆத்மநாதன் கெட்டவன்.’

இதைக் கொஞ்ச நேரம் ரசித்தேன். என் வீட்டுக்காரர் ஜஸ்டின்தான் எனக்கு முதல் வாசகர். அவர் படித்துவிட்டு, “ஏன்டீ, அறந்தாங்கில அந்த ஆளுக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்காது? ஒரு வரில கெட்டவனாக்கிட்ட?” என்றார். சரிதான். ஆத்மநாதன் கெட்டவர் இல்லை. அறிக்கையில் சுழியம் என்று இருக்கிறது, அது சுழியமாகவே இருந்துவிட்டால் தனக்கு மாற்றல் கிடைத்துவிடும் என்று நம்புகிற மனிதர்.

தொடக்கம் நான்கு: ‘கோழியின் காலில் நீலத் துணி கட்டியிருந்தது.’

ஜஸ்டின் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “யாரு வீட்டுக் கோழி?”

பிடித்துவிட்டேன்! கதை இங்கேதான் தொடங்குகிறது. இதற்கு முன்னால் நீங்கள் படித்ததையெல்லாம் தாழ்வாரத்தில் செருப்பு கழற்றின நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3

கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு இருளாயி என்று பெயர் வைத்தேன். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் இல்லை. கஜா புயல் பழைய மரங்களைச் சாய்த்த இடத்தில் நான்கு ஒட்டுப் பலாக்கன்று நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தவள். இந்த வருடம்தான் காய் பிடித்திருக்கிறது. (நான் உண்டாக்கியவள் என்பதால் ‘அவள்’ என்கிறேன். நேரில் வந்தால் ‘வாங்க, உக்காருங்க’தான்.)

நொச்சிக்கொல்லையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ச்சாத்து என்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை, வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியுமுன் ஊரே கிளம்பி ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைத் தைலமரக் காட்டுக்குப் போய்விடும். பஞ்சம் ஊர் ஊராகத் தேடி வருமாம். வந்து பார்த்தால் கதவு பூட்டி, அடுப்புச் சாம்பல் அள்ளி, கோலம் அழித்து, நாய்கூட இல்லாமல் கிடக்க வேண்டும். ‘அட, இங்கே யாரும் இல்லையே’ என்று அது போய்விடும். பஞ்சம் ஆள் வேஷத்திலும் வரும் என்பதால், பொழுது சாயும்வரை யார் கேட்டாலும், கலெக்டரே கேட்டாலும், எங்களுக்கு ஊர் இல்லை என்று சாதிக்க வேண்டும். விளக்கமும் சொல்லக் கூடாது. விளக்கம் சொன்னால் ஊர் இருக்கிறது என்று ஆகிவிடுமே!

கடைசி ஆளாக வெளியேறி, எல்லாம் காலியா என்று பார்க்கிற பொறுப்பு இருளாயியுடையது. அதில் அவள் எமகாதகி. காய்ச்சலில் கிடந்தவனைக் கட்டிலோடு தூக்க வைத்தவள். அடைகாத்த கோழியை முட்டையோடு கூடையில் ஏற்றியவள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே நாளில்தான் அறிக்கை எழுதுகிறவர்கள் வந்தார்கள். டிரோன் பறக்கவிட்டார்கள். நாற்பத்தோரு பூட்டிய வீடு. மணலில் நின்ற இருளாயியிடம் கேட்டார்கள். “எங்களுக்கு ஊரெல்லாம் இல்லைங்க” என்றாள். எழுதி நீட்டினார்கள். அறிவொளி இரவு வகுப்பில் கற்ற கையெழுத்து, முத்து முத்தாகப் போட்டுக் கொடுத்தாள்.

(அடிக்குறிப்பு: அன்றைக்கு அவளுக்கே தெரியாமல் ஒரே ஒரு கோழி தப்பிவிட்டது. டிரோன் அதைப் படம் பிடித்தது. அறிக்கையின் உயிரினப் பட்டியலில் அது ஏறியது: ‘காட்டுக்கோழி: 1.’ நாற்பத்தோரு வீட்டு மனிதர்களுக்குக் கிடைக்காத இடம் அந்தக் கோழிக்குக் கிடைத்தது.)

[“ஏன் டீச்சரு, நான் என்ன கூறுகெட்டவளா? எதுல கையெழுத்துப் போடுறோம்னு தெரியாமயா போட்டேன்?”

“தெரிஞ்சுதான் போட்டீங்களா அக்கா?”

“சாமி காரியம்னு போட்டேன். பொழுது சாஞ்சதும் ஓடிப் போயி சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஓடிப் போயிப் பாத்தா காரு போன புழுதிதான் இருந்துச்சு. அதை மட்டும் எழுதிருங்க.”]

எழுதிவிட்டேன். இன்னொன்றையும் எழுதுகிறேன்: அவளுக்கு அவமானமாக இருந்தது. மூன்று வருடமாகக் குழாயடியில் எவளாவது தன்னைப் பார்த்துச் சிரித்தால்கூட ‘இவளாலதான்’ என்று நினைக்கிறாளோ என்று உள்ளுக்குள் செத்துப்போனாள். வீட்டு மனைக்குப் பட்டா இன்னும் வரவில்லை, யாருக்குமே வரவில்லை. அறிக்கையில் பெயர் ஏறினால்தான் அணைக்கு இந்தப் பக்கம் மாற்று மனை. ஏறாவிட்டால் தண்ணீர் வரும் நாளில் பெட்டி படுக்கையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். நாற்பத்தோரு வீடும், அவள் போட்ட ஒரு கையெழுத்தால்.

4

வெளிநாட்டுக் கடனில் எழும்பும் அணைகள் மண்ணையும் மனிதரையும் என்ன செய்கின்றன என்று அரசாங்கமே ஒரு தரம் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவானது. மறு ஆய்வுக் குழு. தலைவர் ரஞ்சிதா மேடம். நூறு அறிக்கை கைக்கு வந்தால் நூற்றின் பின்னிணைப்பையும் படிக்கிற அபூர்வப் பிறவி. நொச்சிக்கொல்லை அறிக்கையின் பின்னிணைப்பில் காட்டுக்கோழியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘காட்டுக்கோழி காலில் நீலத் துணியைக் கட்டியது யார்?’

ஆகா, இந்த மேடத்தைப் படைத்ததற்காக அன்றைக்கு எனக்கு நானே ஒரு ஆம்லெட் போட்டுக்கொண்டேன்.

குழு வரும் தேதி கடிதத்தில் வந்தது. வைகாசி, செவ்வாய்க்கிழமை. ஊர்ச்சாத்து அன்று.

ஜஸ்டின் தாளைக் கீழே போட்டுவிட்டார். “இதெல்லாம் எவன் நம்புவான்? அதே நாளா?”

“ஏங்க, ஒரு பைல் நகர மூணு வருஷம் ஆகும்னு நம்புவீங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்ச்சாத்துன்னா நம்ப மாட்டீங்களா?”

அவர் யோசித்தார். “தேதியை மாத்தச் சொல்லு.”

சாமிக்குக் காப்புக் கட்டியாயிற்று, ஊர் மாற்ற முடியாது. குழுவுக்கு விமான டிக்கெட் போட்டாயிற்று, மேடம் மாற்ற முடியாது. இருளாயி சும்மா இருக்கவில்லை. எட்டு நாள் முன்னாலேயே எல்லாவற்றையும் விளக்கி ஒரு மனு எழுதினாள். மனு பெரிய ஆபீசுக்குப் போனது. பெரிய ஆபீஸ் அதைத் ‘தக்க நடவடிக்கைக்காக’ ஆத்மநாதனுக்கே திருப்பி அனுப்பியது. அந்த மனு இப்போது அவருடைய பைக்குள் இருக்கிறது. அவர் அதைப் படித்தார். மடித்தார். வைத்துக்கொண்டார். (பொண்டாட்டி புள்ளை இருக்கிற மனுசர்தான் என்று ஜஸ்டினுக்கு நினைவூட்டினேன்.)

5

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. ரஞ்சிதா மேடம் ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு ஆற்று மணலில் நடந்து வருகிறார். பூட்டிய கதவு. சாம்பல் இல்லாத அடுப்பு. இருளாயி இந்த முறை ஒரு கோழியையும் விட்டுவைக்கவில்லை. அவளுடைய கெட்டிக்காரத்தனமே அவளுக்கு எமன்.

எதிர்க்கரையில் நாற்பத்தோரு குடும்பமும் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆடு, மாடு, கூடை கூடையாகக் கோழி.

“நீங்கள்லாம் எந்த ஊரும்மா?” என்றார் மேடம்.

“எங்களுக்கு ஊர் இல்லைங்க,” என்றாள் இருளாயி.

“எதிர்ல இருக்கிற வீடெல்லாம்?”

“தெரியலைங்க.”

“நான் சொன்னேனே மேடம்,” என்றார் ஆத்மநாதன். “இவங்க எங்கிட்டிருந்தோ வந்து சாமி கும்பிடுறவங்க. கிளம்பலாமா? ப்ளைட்டு இருக்கு.”

கணக்கு எளிது. விமானம் திருச்சியில். ஐந்தரைக்குக் கிளம்பியே ஆக வேண்டும். பொழுது சாய்வது ஆறு முப்பத்து நாலுக்கு. இருளாயிக்கு வேண்டியது ஒரு மணி நாலு நிமிடம்.

“அம்மா, வந்தது வந்தீங்க,” என்றாள் இருளாயி. “ஒரு சொளை பலாப்பழம் தின்னுட்டுப் போங்க.”

அது அவளுடைய மரத்து முதல் பழம். சாமிக்கென்று தூக்கி வந்திருந்தாள். அவள் அதை அறுத்த விதம் இருக்கிறதே! கத்திக்கு எண்ணெய் தடவினாள். துடைத்தாள். மறுபடி தடவினாள். தண்டை நீக்கினாள். நாரை ஒவ்வொன்றாக, மாப்பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரி, ஒதுக்கினாள். குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. ஆனால் ஒருத்தர் கைக்கும் எண்ணெய் கொடுக்கவில்லை.

ஐந்தே நிமிடத்தில் அரசாங்கத்தின் ஐந்து அதிகாரிகளும் விரல் விரலோடு ஒட்டி நின்றார்கள். பேனா ஒட்டியது. பைல் ஒட்டியது. ஒருவருக்குக் கண்ணாடி ஒட்டியது. ஆத்மநாதனுக்கு மீசையே ஒட்டிக்கொண்டது.

“எண்ணெய் இருக்காம்மா?” என்றார் மேடம், இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி.

“எடுத்தாரச் சொல்லியிருக்கேங்க. இந்தா வந்துரும்.”

“பழம் பிரமாதம். எந்த மரம்?”

இருளாயி வாயைத் திறந்தாள். மூடினாள். “பழத்தைத் தின்னுங்கம்மா. மரத்தைக் கேக்காதீங்க.”

மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் வந்து, கை துடைத்து முடித்தபோது மணி ஐந்து இருபத்தைந்து.

6

முடிவுகள் சில:

(அ) ஜீப் டயர் பஞ்சர் ஆகிறது. ஜஸ்டின்: “ரொம்ப மட்டமா இருக்கு.” அடித்துவிட்டேன்.

(ஆ) இடி இடித்து மழை கொட்டி, கூழையாறு பெருகி, குழு போக முடியாமல். இடி வரைக்கும் எழுதினேன். அப்புறம் நினைவு வந்தது. அந்தப் பக்கத்து மழை என் பேனாவை எப்போது மதித்திருக்கிறது?

(இ) இருளாயி மனம் மாறி, “இதுதாங்க என் ஊரு!” என்று கத்துகிறாள். குழு கண்ணீர் விடுகிறது.

[“மாட்டேன்.”

“அக்கா, ஒரு வரி. ஒரே ஒரு வரி சொல்லிட்டா கதை முடிஞ்சுரும்.”

“காய்ச்சக்காரனைக் கட்டிலோட தூக்கச் சொன்னவ நானு. நானே வாயைத் தொறந்தா அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஒங்களுக்குக் கதை. எனக்கு ஊரு.”]

கோபம் வந்துவிட்டது எனக்கு. நான் படைத்த பெண், என் பேச்சைக் கேட்கவில்லையே! அடுக்களைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து யோசித்தால் அவள் சொல்வதுதான் நியாயம்.

7

இந்த இடத்தில், விதிமுறைப்படி, இந்தக் கதைக்கும் ஒரு தாக்க அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

இந்தக் கதை எழும்பியதால் வெளியேற்றப்பட்டவை: நான்கு தொடக்கங்களில் மூன்று. மோட்டார் ஆப்பரேட்டர் அழகுமலைக்கும் பூக்கட்டும் புவனேஸ்வரிக்கும் நடுவே நான் ஆசையாக வளர்த்த ஒரு காதல். இரண்டு பேருக்கும் மாற்று இடம் தரவில்லை, அடுத்த கதையிலாவது தர வேண்டும். ஒரு வெள்ளாடு, காரணமே இல்லாமல். ஆவூரில் இருக்கும் என் நாத்தனார் ஷெரினுக்குப் பதினாறு தவறிய அழைப்பு. திருத்தப்படாத ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் ஒரு கட்டு. ஜஸ்டினுடைய டீ, இரண்டு முறை ஆறியது.

(அடிக்குறிப்பு: கோழிக்காலில் துணி கட்டுவது எதற்கு என்று பட்டணத்து வாசகர் கேட்கலாம். தெருவில் மேயும் கோழிகள் கலந்துவிடும். அதனால் வீட்டுக்கு ஒரு அடையாளம். இருளாயி வீட்டுக்கு நீலம். பக்கத்து வீட்டு ராக்காயிக்குச் சிவப்பு. அதற்கடுத்த வீட்டுக்குப் பழைய ஸ்கூல் யூனிபார்ம் கட்டம். நிறம் தீர்ந்துபோன வீடுகளில் பூப்போட்ட துணி.)

(அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு: பூப்போட்ட துணியில் பெரிய பூ, சின்னப் பூ என்று)

கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆமாம், நேரத்தை இழுக்கிறேன். இருளாயிக்காக. நீங்கள் ஒரு அடிக்குறிப்பைப் படித்தால் அவளுக்கு அரை நிமிடம் மிச்சம். தயவுசெய்து மெதுவாகப் படியுங்கள். முடிந்தால் மேலே போய் ஆறாம் பகுதியை இன்னொரு தரம் வாசித்துவிட்டு வாருங்கள்.

வந்துவிட்டீர்களா? ஐந்து நாற்பது. மேடம் இன்னும் போகவில்லை! ஆனால் ஆத்மநாதன் ஜீப் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேடம் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

8

இதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. அந்தோணியார் மேல் சத்தியம்.

இருளாயி சூரியனைப் பார்த்தாள். இன்னும் மூன்று பனை உயரம் இருந்தது. ஜீப்பைப் பார்த்தாள். பிறகு தன் கோழிக் கூடையின் பக்கமாக நகர்ந்து, யாரும் பார்க்காத மாதிரி, காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

கூடை உருண்டது. நீலத் துணி கட்டிய பெட்டை வெளியே வந்து சிறகை உதறியது. இரண்டு பக்கமும் பார்த்தது. வெயில் தாழ்ந்துவிட்டது என்று கோழிக்குத் தெரியாதா? மணலில் இறங்கி, ஆற்றைக் குறுக்கே கடந்து, ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. அடைகிற நேரம் நெருங்கிவிட்டது, அது தன் வீட்டுக்குப் போகிறது.

பொழுது சாயுமுன் கோழி ஊருக்குள் போகக் கூடாது. முட்டையோடு கோழியைத் தூக்கியவளே கூடையைத் தள்ளிவிட்டாள்! இருளாயி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

திட்டு விழவில்லை. ராக்காயி எழுந்து வந்து தன் கூடையையும் சாய்த்தாள். அப்புறம் காய்ச்சல்காரன் ஆனந்தராஜ். அப்புறம் ஒவ்வொன்றாக, அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில். சிவப்பு, மஞ்சள், கட்டம், பெரிய பூ, சின்னப் பூ. கூழையாற்று மணல் முழுக்கக் கோழி! பதினோரு நாள் தண்ணீர்கூட அப்படிப் போனதில்லை.

மேடம் ஜீப்பிலிருந்து காலை எடுத்தார்.

“மேடம், அது காட்டுக்கோழிங்க,” என்றார் ஆத்மநாதன். “இந்தப் பக்கம் ஜாஸ்தி.”

“காலுக்குக் காலு துணி கட்டிக்கிட்டா?”

கோழிகள் தெருவுக்குள் போயின. ஒன்றுக்குக்கூட வழி குழம்பவில்லை. நீலம் ஒரு வாசலில் நின்றது. சிவப்பு அடுத்த வாசலில். பூட்டிய கதவு கதவாகப் போய் நின்று, திறக்கச் சொல்லிக் கொக்கரித்தன. மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினார். அரசாங்கம் ஓடி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பின்னால் நான்கு அதிகாரிகளும் ஓடினார்கள். சிரித்துக்கொண்டே ஓடினார்கள். வாசல் வாசலாக நின்று, நிறம் நிறமாக எழுதி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார் மேடம்.

“நாப்பத்தொண்ணு,” என்றார்.

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாதே. ஒரு பெண் மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“மேடம், ப்ளைட்டு,” என்றார் ஆத்மநாதன். அவர் கை தன் பையின் மேல் இருந்தது, மனு இருக்கும் பக்கம். மீசையில் பலாப்பால் இன்னும் காயவில்லை.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தை விரித்து இருளாயியின் முன்னால் மணலில் உட்கார்ந்தார்.

“கோழியோட சாட்சியை எழுத இதுல கட்டம் இல்லைம்மா,” என்றார். “ஆள் வாயால சொல்லணும், கையெழுத்துப் போடணும். நான் கேக்கவா?”

இருளாயி சூரியனைப் பார்த்தாள். இன்னும் ஒரு பனை உயரம். தலையை அசைத்தாள்: வேண்டாம். இப்போது வேண்டாம்.

9

ஜஸ்டின் கேட்கிறார், “ப்ளைட்டைப் புடிச்சாங்களா, விட்டாங்களா? ஆத்மநாதன் அந்த மனுவை எடுத்துக் குடுத்தாரா? சொல்லு ஸ்வீட்டி.”

சொல்ல மாட்டேன். ஒரு தரம் இவர்களைப் பற்றி நான் முற்றுப்புள்ளி வைத்து அனுப்பியாயிற்று. இன்னொரு தரம் என் கையால் வைக்க மாட்டேன்.

அதனால் இதை உங்களிடம் விடுகிறேன். தாளிலிருந்து தலையைத் தூக்கி ஜன்னலைப் பாருங்கள். வெயில் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். மேடம் மணலில் உட்கார்ந்திருக்கிறார், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், பலாச்சுளை மிச்சம் இருக்கிறது, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு எடுங்கள். வெளியே இருட்டிவிட்டதென்றால், தெருவிளக்கு எரிகிறதென்றால், சரியான நேரம். அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். மனதுக்குள் கேட்டால் போதாது, வாய்விட்டுக் கேட்க வேண்டும். பக்கத்தில் யாராவது இருந்தால் இருக்கட்டும்.

மூன்று வருடமாக இருளாயி பதிலை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கேளுங்கள்:

“நீங்க எந்த ஊரும்மா?”